தறி இருக்கட்டும், முதலில் ஒரு தக்ளி

"நெசவு கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. எந்தத் தறி வாங்கலாம்?" இப்படிக் கேட்டு வருபவர்கள் கொஞ்ச காலமாகக் கூடிவிட்டார்கள். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். வேலை முடிந்து வீடு திரும்பி, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு கைக்கு ஒரு வேலை வேண்டும் என்று தேடுகிறவர்கள். எல்லோருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். தறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் நூல் நூற்கிற ஒரு தக்ளி வாங்குங்கள், கால் கிலோ கொட்டைப் பருத்தி வாங்குங்கள்.

கேட்டவர் முகம் சட்டென்று வாடுவதைப் பார்த்திருக்கிறேன். தறி என்றால் கண்ணுக்கு நிறைவாக ஒரு பொருள். தக்ளி என்பது ஒரு சாண் கம்பியும் அடியில் ஒரு பித்தளை வில்லையும். அதை வைத்து என்ன செய்துவிட முடியும் என்று தோன்றும். ஆனால் கடையில் நூல் வாங்கித் தறியில் ஏற்றுகிறவருக்கு, அந்தத் துணியைப் பற்றிய பாதி முடிவுகளை ஏற்கெனவே யாரோ ஒரு மில்லில் எடுத்து முடித்திருக்கிறார்கள். எவ்வளவு மெல்லிசு, எவ்வளவு முறுக்கு, எந்தப் பஞ்சு, எல்லாம் முடிந்துபோன கதை. துணி தொட்டால் மெத்தென்று இருக்குமா, தண்ணீரை உறிஞ்சுமா, சாயம் உள்ளே போகுமா, தறியில் நீளவாட்டில் கட்டுகிற பாவில் அறுந்து தொலைக்குமா என்பதெல்லாம் நூலின் முறுக்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது. அந்த இடத்தில் நம் கை இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நான் மதுரையில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறவள். அம்மா ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. மழையை மட்டும் நம்பி, ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் எடுக்கிற கருங்கண்ணிப் பருத்தி அந்த மண்ணின் பயிர். இப்போது அங்கே போனால் மக்காச்சோளம்தான் கண்ணுக்கெட்டிய வரை நிற்கிறது. பருத்தி போட்டாலும் மரபணு மாற்றிய பி.டி. பருத்திதான். இயற்கை விவசாயம் செய்கிற சிலர் மட்டும் கருங்கண்ணியை விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம்தான் நான் பருத்தி வாங்குகிறேன், கொட்டையோடு, காட்டிலிருந்து எடுத்த மாதிரியே.

கருங்கண்ணி நம் துணைக்கண்டத்து இனம். மில்கள் விரும்புகிற அமெரிக்க இனத்துக்கு 52 குரோமோசோம், இதற்கு 26. இரண்டும் எளிதில் கலக்காத வேறு வேறு இனங்கள். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கே 11, கே 12 என்று கருங்கண்ணி ரகங்களே வந்திருக்கின்றன. இத்தனை இருந்தும் இது ஒதுங்கிப்போனதற்கு முக்கியக் காரணம் இழையின் நீளம். ஓர் அங்குலத்துக்கும் குறைவு. வேகமாக ஓடுகிற நூற்பு இயந்திரம் நீண்ட இழையைத்தான் கேட்கிறது. கை அப்படிக் கேட்பதில்லை. குட்டை இழைக்குக் கூடுதலாக முறுக்குக் கொடுத்தால் கருங்கண்ணி அருமையாக நிற்கும். கொஞ்சம் முரட்டு நூல்தான். ஆனால் அந்த நூலில் நெய்த துண்டு முகம் துடைத்தால் ஒரே இழுப்பில் ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

கொட்டை எடுப்பதற்கு என்னிடம் இருப்பது ஒரு மழமழப்பான பலகையும் பென்சிலை விட மெல்லிய ஓர் இரும்புக் கம்பியும்தான். பருத்தியை வெயிலில் நன்றாகக் காய வைத்து, ஒரு சுளையைப் பலகையில் வைத்துக் அதன்மேல் கம்பியை உள்ளங்கையால் அழுத்தி முன்னே உருட்டினால், கொட்டை மட்டும் முன்பக்கம் துள்ளி வெளியே வரும். பஞ்சு கம்பிக்கு அடியில் தங்கிவிடும். கொட்டை எடுக்கும் இயந்திரத்தில் நசுங்குகிற இழை இதில் நசுங்குவதில்லை. மொத்த எடையில் பஞ்சு மூன்றில் ஒரு பங்குதான் தேறும், மற்றதெல்லாம் கொட்டை. அந்தக் கொட்டையை நான் வீணாக்குவதில்லை. கொஞ்சம் விதைக்கு, மிச்சம் பருத்திப்பாலுக்கு. மதுரையில் இருந்துகொண்டு பருத்திப்பால் காய்ச்சாமல் விட முடியுமா?

பிறகு பஞ்சைப் பிரிக்க வேண்டும். வில் வைத்து அடிப்பது பழைய முறை. நாணின் அதிர்வு பஞ்சுக்குள் போய் முடிச்சு முடிச்சாக இருப்பதை எல்லாம் உதிர்த்துவிடும், தூசி தனியே கீழே விழும். அடுக்குமாடி வீட்டில் வில் அடித்தால் பக்கத்து வீட்டு வாசல் வரை பஞ்சு பறக்கும் என்பதால் நான் கம்பிப்பல் வைத்த இரண்டு சீவுபலகைகளைப் பயன்படுத்துகிறேன். சீவிய பஞ்சை ஒரு மெல்லிய குச்சியில் சுற்றிப் பலகையில் லேசாக உருட்டிக் குச்சியை உருவிவிட்டால், விரல் கனத்தில் ஒரு குழல் கிடைக்கும். இதுதான் பட்டை. பட்டை சரியாக இருந்தால் நூற்பு பாதி முடிந்த மாதிரி. அழுத்திச் சுற்றினால் இழை கழன்று வராது, தளர்ந்தால் கொத்தாக வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடைப் பஞ்சில் பழகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். பருத்தி இழையின் மேல் இயற்கையாக ஒரு மெழுகுப் பூச்சு உண்டு, அதுதான் இழைகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நழுவ விடுகிறது. மருத்துவப் பஞ்சில் அந்த மெழுகை முழுக்க எடுத்துவிடுவார்கள், ரத்தத்தை உறிஞ்ச வேண்டுமே. இழுத்தால் நழுவாமல் பிய்ந்து வரும். இலவம் பஞ்சோ நேர் எதிர். பளபளவென்று வழுக்கும், பிடிப்பே இருக்காது. பருத்தி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் தட்டையான நாடா மாதிரி, தானாகவே முறுக்கிக்கொண்டு இருக்கும். காய் வெடித்துக் காய்கிறபோது உள்ளே இருக்கிற ஈரம் போய் இழை சப்பி முறுகிவிடுகிறது. அந்த முறுகல்தான் ஓர் இழையை இன்னோர் இழை பற்றிக்கொள்வதற்குக் காரணம். இலவ இழை உருண்டையான வெற்றுக் குழல், அந்த முறுகல் அதில் இல்லை. அதனால்தான் அது தலையணைக்குள்ளேயே இருந்துவிட்டது. இதை என் மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்டியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் செல்லுலோஸின் அமைப்பை எழுதி மதிப்பெண் வாங்குகிற பிள்ளைகள், அந்த நாடாவைக் கண்ணால் பார்த்ததும் வரிசையில் நின்று இரண்டாவது தடவை பார்த்தார்கள்.

இனி தக்ளி. தக்ளியின் அடிமுனையை ஒரு கொட்டாங்கச்சிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், நழுவாமல் சுழலும். கம்பியின் மேல் கொக்கியில் ஏற்கெனவே நூற்ற ஒரு முழம் நூலை மாட்டி, அதன் நுனியைப் பட்டையின் வாயில் வைத்து, வலது கைக் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் கம்பியைச் சுண்டுங்கள். இடது கை பட்டையைப் பிடித்தபடி மெல்ல மேலே போக வேண்டும். விரலுக்குள் இருக்கும் பட்டையிலிருந்து இழைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, ஒரு சின்ன முக்கோணமாக விரிந்து, அந்த முக்கோணத்தின் கூர்முனையில் முறுக்கு ஏறி நூலாகும். பார்வை எப்போதும் அந்தக் கூர்முனையிலேயே இருக்க வேண்டும். முறுக்கு முக்கோணத்துக்குள் புகுந்துவிட்டால் பட்டை பூட்டிக்கொள்ளும், பிறகு இழுக்க வராது. முறுக்கு பின்தங்கிவிட்டால் நூல் கரைந்து அறுந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே விரல்கள் கண்டுபிடிக்கிற ஒரு வேகம் இருக்கிறது. அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஆனால் விரல் அதைப் பிடித்த கணம் உங்களுக்கே தெரியும். பட்டையிலிருந்து நூல் தானாக வடிகிற மாதிரி வர ஆரம்பிக்கும்.

கை நூற்பில் எனக்கு இன்றைக்கும் வியப்பு தீராத ஒரு விஷயம் உண்டு. முறுக்கு எப்போதும் மெல்லிய இடத்தைத் தேடித்தான் முதலில் ஓடும். கனமான இடம் திரும்ப மறுக்கும், மெல்லிய இடம் சட்டென்று திரும்பிவிடும். ஆகவே ஒரு முழ நூலில் அங்கங்கே தடிப்பும் மெலிவுமாக இருந்தால், முறுக்கு போய் மெலிந்த இடங்களைப் பூட்டிவிடுகிறது. தடித்த இடம் இன்னும் பூட்டப்படாமல் இளகியே இருக்கும். அந்த நேரத்தில் கையை இன்னும் கொஞ்சம் இழுத்தால், மெலிந்த இடம் அசையாது, தடித்த இடம் மட்டும் நீண்டு மெலியும். கண்ணெதிரே தடிப்பு கரைந்து நூல் ஒரே சீராகிவிடும். நூலே தன்னைச் சீர்படுத்திக்கொள்கிறது. நம் வேலை சரியான நேரத்தில் இழுப்பதும், பிறகு முழு முறுக்கையும் கொடுத்து முடிப்பதும்தான். ராட்டையில் கை நீட்டி நூற்பவர்கள் எல்லோரும் பெயர் சொல்லாமல் இதைத்தான் செய்கிறார்கள்.

முறுக்கு போதுமா என்று பார்க்க ஒரு சுலபமான வழி. நூற்ற நூலைக் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். தானாக மடங்கி ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். நெருக்கமாகச் சுற்றினால் முறுக்கு அதிகம், சோம்பலாகத் தொங்கினால் குறைவு.

தக்ளி கை வந்த பிறகு பெட்டி ராட்டைக்குப் போகலாம். ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டு சக்கரம், சுழன்று நூலை முறுக்குகிற ஒரு கதிர். மூடினால் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரயில் ஏறலாம். காந்தி எரவாடா சிறையில் இருந்த காலத்தில் உருவாக்கிய வடிவம் இது. பெரிய சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினால் கதிர் பல பத்துச் சுற்று சுற்றிவிடும் என்பதால் குட்டை இழைக்கு வேண்டிய முறுக்கு நொடியில் ஏறும். கருங்கண்ணிக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. அம்பர் ராட்டையைப் பற்றியும் கேட்பார்கள். அதை உருவாக்கிய ஏகாம்பரநாதன் நம் தமிழ்நாட்டுக்காரர், 1949-இல் செய்தார், அவர் பெயரிலிருந்துதான் 'அம்பர்' வந்தது. மில்லில் இருக்கிற உருளை இழுப்பு முறையைச் சுருக்கி ஒரு வீட்டுக்குள் கொண்டுவந்த பெரிய சாதனை. கதர் நூற்றுப் பிழைக்கிற பெண்களுக்கு ஒரே நேரத்தில் பல கதிர் ஓட்ட முடிந்தது அதனால்தான். ஆனால் பொழுதுபோக்காக நூற்க வருகிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. இழுப்பை உருளைகள் பார்த்துக்கொள்ளும், கைப்பிடியைச் சுற்றுவது மட்டும் நமக்கு. விரலுக்கும் இழைக்கும் இருக்கிற அந்த உரையாடல் போய்விடும்.

நூற்ற நூலை வளையமாகச் சுற்றிச் சிட்டமாக்கி நம்பர் பார்க்க வேண்டும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுதான் நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். வீட்டில் கணக்குப் போட மீட்டரைக் கிராமால் வகுத்து 0.59-ஆல் பெருக்கினால் போதும். 100 மீட்டர் நூல் 7.4 கிராம் இருந்தால் 8-ம் நம்பர். என் கருங்கண்ணி பெரும்பாலும் அந்த நம்பரைச் சுற்றித்தான் நிற்கிறது, துண்டு நெய்யத் தோதான நூல்.

சாயத்துக்கு முன்னால் ஒரு வேலை உண்டு. இதைச் சோம்பலில் தள்ளிவிடுகிறவர்களே அதிகம். புதிதாக நூற்ற சிட்டத்தை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும். அமுக்கினாலும் மேலே வரும். முன்னே சொன்ன மெழுகுதான் காரணம். தண்ணீரே உள்ளே போகாத இடத்தில் சாயம் எப்படிப் போகும்? சலவைச் சோடா கொஞ்சம் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொதிக்க விட்டால், தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு மாறிவிடும். வெள்ளையாகத் தெரிகிற பஞ்சிலிருந்து இத்தனை பழுப்பு எப்படி வந்தது என்று ஆச்சரியமாக இருக்கும். அலசிவிட்டு மறுபடி சுத்தமான தண்ணீரில் போட்டால், சிட்டம் நனைந்து நேராக அடியில் போய் உட்கார்ந்துவிடும். கூடவே முறுக்கும் படிந்து, நூல் துள்ளாமல் அடங்கிவிடும்.

சாயக்கடை எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதில்லை. மதுரையில் எந்த நாட்டு மருந்துக் கடைக்குள் நுழைந்தாலும் போதும். கடுக்காய், மாசிக்காய், மஞ்சிட்டி, பதிமுகம், படிகாரம் எல்லாம் சாக்குச் சாக்காக நிற்கும். வீட்டுக் குப்பையிலேயே மாதுளைத் தோலும் வெங்காயச் சருகும் உண்டு. பட்டுக்கும் கம்பளிக்கும் படிகாரம் நேரடியாகப் பிடிக்கும், அவை புரத இழைகள். பருத்தி செல்லுலோஸ். படிகாரத்தின் அலுமினியம் அதில் ஒட்ட நாதி இல்லாமல் அலசுகிற தண்ணீரோடு போய்விடும். அதனால்தான் நம் ஆட்கள் முதலில் கடுக்காயில் ஊறவைத்தார்கள். கடுக்காயின் துவர்ப்புச் சத்து பருத்தியைப் பிடித்துக்கொள்ளும், அலுமினியம் அந்தத் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், மஞ்சிட்டியின் சிவப்பு அந்த அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும். நூல் எடைக்கு ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்த் தூள், அதே அளவுக்குக் கொஞ்சம் குறைவாகப் படிகாரம். இது என் கணக்கு. வேதியியல் பாடத்தில் நான் கரும்பலகையில் எழுதுகிற பிணைப்புகளைச் சோழமண்டலக் கரையில் சாயம் காய்ச்சியவர்கள் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள். அவர்களுடைய சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்று நாம் சொல்கிற சின்னச் செடியின் வேர், கடலோர மணலில் வளர்வது. மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை: நிறம் கண்ணைப் பறிக்கும், ஆனால் வெயிலில் நிற்காது. பெண்ணுக்குத் தாவணி, வீட்டுக்குத் திரைச்சீலை என்று அதில் சாயம் போட்டு மனசு நோக வேண்டாம். மாதுளைத் தோலின் மஞ்சள் அடக்கமானது, நீண்ட நாள் உழைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே அவுரி. தலைக்குப் போடுகிற அவுரி இலைப்பொடி வேறு, நீலக்கட்டி வேறு. நமக்கு வேண்டியது நீலக்கட்டி. விழுப்புரம் மாவட்டத்தில் இன்னமும் அவுரி பயிரிட்டு, இலையை ஊறவைத்து, கடைந்து, அடியில் படிகிற நீலத்தை வடித்துக் கட்டியாக்குகிறார்கள். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். 1897-இல் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இந்தப் பயிருக்கு வந்த வீழ்ச்சி பெரியது. அதையும் தாண்டி அது பிழைத்துக் கிடப்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

நீலம் தண்ணீரில் கரையாது. கரையாத ஒன்று நூலுக்குள் புகாது. ஆகவே அதன் ஆக்ஸிஜன் பிடிப்பைத் தளர்த்திக் கரைகிற வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், சுண்ணாம்பின் காரத்தில். நம் பக்கத்துச் சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்துப் புளிக்க விட்டார்கள். எனக்கு வீட்டில் கைகொடுப்பது பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் கார்சியா பரப்பிய கணக்கு: நீலம் ஒரு பங்கு, நீற்றுச் சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை (ஃப்ரக்டோஸ்) மூன்று பங்கு. 5 லிட்டருக்கு 25, 50, 75 கிராம். நாம் காபிக்குப் போடுகிற வெள்ளைச் சர்க்கரை இதற்கு உதவாது, அதற்கு ஒடுக்கும் குணம் இல்லை. பழச்சர்க்கரை கிடைக்காவிட்டால் தோல் கறுத்துக் கனிந்த வாழைப்பழங்களை வேகவைத்து வடித்த சாறே அந்த வேலையைச் செய்யும். சூடான தண்ணீரில் கலந்து, ஒரு பக்கமாகச் சுற்றிக் கிளறி மூடி வைத்தால், சில மணி நேரத்தில் மேற்பரப்பில் செம்பு நிறத்தில் ஓர் ஆடை மினுங்கும். அதை விலக்கினால் அடியில் நீலமே இருக்காது. மஞ்சளும் பச்சையும் கலந்த தெளிந்த சாறு. நனைத்துப் பிழிந்த சிட்டத்தைக் குமிழி எழாமல் உள்ளே இறக்கி, சில நிமிடம் வைத்து வெளியே தூக்குங்கள். பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் விளிம்பிலிருந்து நீலம் படரத் தொடங்கும், மடிப்புக்குள் இன்னும் பச்சை நிற்கும், பிரித்துவிட்டால் அதுவும் மாறும். ஒரே முக்கில் கருநீலம் வராது. முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்க வேண்டும். கடைசியில் சுண்ணாம்பின் காரம் போகக் கொஞ்சம் வினிகர் விட்ட தண்ணீரில் அலச வேண்டும். சுண்ணாம்பைக் கையாளும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். சாயப் பாத்திரம் சமையலறைக்குள் திரும்பக் கூடாது. சாயம் பிடிக்கச் சிலர் சேர்க்கிற மயில்துத்தமும் குரோமிய உப்புகளும் நஞ்சு, என் வீட்டுக்குள் வருவதே இல்லை.

இங்கேயும் முறுக்குதான் பேசுகிறது. இறுக முறுக்கிய நூலை அவுரியில் முக்கி எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், வெளியே கருநீலம், நடுவில் வெள்ளை. நீலம் மேலோட்டமாகவே படிந்திருக்கும். ஜீன்ஸ் துணி முழங்காலில் வெளுப்பது இப்படித்தான், மேல்தோல் தேய்ந்ததும் உள்ளிருக்கிற வெள்ளை எட்டிப்பார்க்கிறது. தளர் முறுக்கு நூலில் சாயம் இன்னும் ஆழமாக இறங்கும். வெளுத்து அழகாக வேண்டுமா, ஆழ்ந்த நிறம் நிலைக்க வேண்டுமா என்பதை நூற்கும்போதே முடிவு செய்துவிடலாம்.

நெசவை நான் கற்றது அருப்புக்கோட்டையில், குழித்தறி ஓட்டுகிற ஓர் அண்ணாச்சியிடம். எழுபதைத் தாண்டியவர். நான் கொண்டுபோன நூலை வாங்கி, இரண்டு கைக்கும் நடுவே பிடித்து, காதருகே வைத்து லேசாகச் சுண்டினார்.

"டீச்சரம்மா, நூல் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஊடைக்குத்தான் ஆகும். பாவுல போட்டா தாங்காது."

"ஏன் அண்ணாச்சி, அறுந்துருமா?"

"அச்சுப் பல்லு போக வர உரசிக்கிட்டே கெடக்கும்லா. முறுக்கு பத்தலேன்னா பஞ்சு எந்திரிச்சு, பக்கத்து இழையோட ஒட்டிக்கிடும். பாவுக்குன்னா இன்னும் ரெண்டு சுத்து கூடக் குடுத்து நூத்துட்டு வாங்க தாயி. கஞ்சி நான் சொல்லித் தாரேன்."

ஊடை என்றால் பாவுக்குக் குறுக்கே ஓடுகிற நூல், அச்சு என்றால் அந்த ஊடையை நெருக்கி அடிக்கிற சீப்பு. கஞ்சி என்றால் சோற்றுக் கஞ்சி தெளிந்த பதத்தில், ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு. தெருவில் பாவை நீட்டிக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிரஷ்ஷால் ஒரே திசையில் வாரிக்கொண்டே போவார்கள். ஒவ்வோர் இழையும் தனித்தனியாகக் காய வேண்டும். அதிகாலையில் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை, காற்றும் கூடாது மழையும் கூடாது. என் வீட்டு மாடியில் அதையே சின்னதாகச் செய்கிறேன், இரண்டு தூணுக்கு நடுவே. பஞ்சு முடிகள் படிந்து, இழை விறைப்பாகி, விரலை ஓட்டினால் நரம்பு மாதிரி வழுக்கும். ஒற்றைப் புரி கை நூலைப் பாவில் போட வேறு குறுக்கு வழி இல்லை. கஞ்சிக்குப் பயந்தவர்கள் பாவுக்கு மட்டும் மில் நூல் வாங்கி, ஊடைக்குத் தங்கள் நூலை ஓட்டலாம். தொடக்கத்துக்கு அது நல்ல வழிதான்.

என் தறி ஒரு தச்சர் செய்து கொடுத்த சட்டத் தறி. மேசை மேல் உட்காரும். பாவிழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதுகளை நானே நூலில் கட்டினேன். 25 செ.மீ. அகலம், செ.மீ.க்குப் பத்து இழை, ஆக 250 பாவிழை. ஒன்றரை மீட்டர் பாவு ஓட்டினால் அறுபது செ.மீ. போலத் தறியிலேயே கழிவாகப் போகும், 90 செ.மீ. நெய்யலாம். பாவுக்கு 375 மீட்டர், ஊடைக்கு 245 சொச்சம், மொத்தம் 620 மீட்டர் நூல். 8-ம் நம்பரில் 46 கிராம்தான். கை துடைக்கும் துண்டு இரண்டு வரும். கொட்டைப் பருத்தியாகக் கணக்கிட்டால், சேதாரமும் சேர்த்து 175 கிராம் எடுத்து வைத்தால் போதும். பழகும்போது வீணாவதற்கும் சேர்த்துத்தான் ஆரம்பத்தில் கால் கிலோ என்று சொன்னேன்.

இந்த 620 மீட்டரைத் தன் கையால் நூற்றவர் யாரும் நெசவாளரிடம் பேரம் பேச மாட்டார். பொழுதுபோக்காகச் செய்கிற நமக்கு இது மாலை நேரத்து இன்பம். அண்ணாச்சிக்கு இது அடுப்பெரிய வேண்டிய வேலை. தறியில் உட்கார்ந்து பார்த்த பிறகும் "கைத்தறி ஏன் இவ்வளவு விலை" என்று கேட்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை. கேட்டு யாராவது வந்தால் அவர்களைத்தான் முதலில் தக்ளி பிடிக்க வைப்பேன்.

தறியிலிருந்து அறுத்தெடுத்த துணி பார்க்க ஏமாற்றமாகத்தான் இருக்கும். கஞ்சியில் விறைத்து, இழைக்கு இழை இடைவெளி தெரிந்து, கொசுவலைபோலத் தோன்றும். அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். வெந்நீரில் ஊறவைத்து, கஞ்சி போகக் கசக்கி அலசுங்கள். முறுக்குக்குள் இழுத்துப் பிடித்திருந்த இழைகள் தளர்ந்து, ஒவ்வொரு நூலும் கொஞ்சம் உப்பி, இடைவெளிகள் அடைபடும். நீளத்திலும் அகலத்திலும் பத்தில் ஒரு பங்கு போலச் சுருங்கும், இதையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உதறி நிழலில் காயப்போட்டு எடுத்தால்தான் அது துணி.

அடுத்த பாவுக்கு இப்போதே நூற்றுக்கொண்டிருக்கிறேன். அண்ணாச்சி சொன்னபடி இரண்டு சுற்று கூடவே கொடுத்து. பாவு முழுக்க அவுரி, ஊடை சாயம் போடாத கருங்கண்ணியின் பால் வெள்ளை, ஓரத்தில் மஞ்சிட்டியில் நான்கு இழை.